முரட்டு நிலத்துக்கு ஒரு குட்டி லாரி

கும்மிடிப்பூண்டித் தாலுகாவிலுள்ள தேர்வாய் கண்டிகையின் பெயர் இன்று பலருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கேயுள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் பிரான்ஸ் தேசத்து மிஷெலின் கம்பெனியார் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் டயர் செய்கிறார்கள். கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் இணைத்துச் சென்னை நகரின் தாகந் தீர்ப்பதற்கென்று அமைத்த நீர்த்தேக்கமும் 2020 நவம்பரில் அங்கே திறக்கப்பட்டது. பெரிய லாரிகள் வந்து போகும் இந்த வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு லாரியின்மேல் மோகம் உண்டாவதில் வியப்பில்லை. பிறந்த நாளோ, பரீட்சையில் தேர்ச்சியோ வந்துவிட்டால், "ரேடியோவினால் ஓட்டுகிற லாரி வேண்டும்" என்பதே அவர்கள் கேட்கும் வரம்.

இந்த வரத்தைக் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எதை வாங்கினால் கரடுமுரடான தரையில் ஓடியும் உழைக்கும் என்று பெற்றோர் பலர் நம்மைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்து உபாத்தியாயரிடம் கேட்க வேண்டிய கேள்விதானா இது என்று சிலருக்குத் தோன்றலாம். கேட்க வேண்டியதுதான் என்பது நமது கருத்து. இதற்காகச் செலவாகும் பணம் அற்பமன்று. அதைவிட முக்கியம், வாங்கும் பொருளுக்கேற்பப் பிள்ளை ஒரு தொழிலைக் கற்றுக்கொள்வதும் ஏமாற்றத்தைக் கற்றுக்கொள்வதும் இருக்கிறது.

பொம்மை வேறு, யந்திரம் வேறு

ரேடியோ வண்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று பொம்மைக் கடையில் பளபளப்பான அட்டைப் பெட்டியில் விற்பது. மற்றொன்று, இதையே பொழுதுபோக்குக் கலையாகக் கொண்டவர்களுக்கென்று செய்யப்படுவது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும்.

பொம்மை வண்டியில் மின்சார உறுப்புகள் யாவும் ஒரே பலகையில் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டதாகவே பொருள். பெரும்பாலானவற்றில் சக்கரம் இடப்பக்கம் முழுவதும் திரும்பும், அல்லது வலப்பக்கம் முழுவதும் திரும்பும். நடுத்தரம் என்பதே கிடையாது. இரண்டாவது ஜாதியில் மோட்டார் தனி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி தனி, ரேடியோ அலையை வாங்கும் ரிசீவர் தனி, சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி. விரலை எவ்வளவு அசைக்கிறோமோ அவ்வளவே வண்டியும் திரும்பும். ஓர் உறுப்புப் பழுதானால் அதை மாத்திரம் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம்.

இந்த வித்தையின் மூலத்தைத் தேடினால் நம் நாட்டுக்கும் அதில் பங்கு இருப்பது தெரியும். 1890களின் நடுவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில், கம்பியின் துணையின்றி அலைகளை அனுப்பிச் சற்றுத் தூரத்தில் மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்ற வைக்கவும் செய்து காட்டினார். 1898-இல் நிகோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை ரேடியோ அலையினால் செலுத்திக் காட்டினார். மரம் அறுக்கும் தொழிலில் 1946-இல் தொடங்கிய ஜப்பானிய டாமியா கம்பெனியார், 1976-இல் தங்கள் முதல் ரேடியோ காரை வெளியிட்டார்கள். 1987-இல் அவர்கள் கொண்டுவந்த 'கிளாட் பஸ்டர்' என்னும் லாரிக்கு இரண்டு மோட்டார்கள். நான்கு சக்கரங்களும் இழுக்கும், நான்கும் திரும்பும். பெரிய சக்கர லாரிகளில் பலருக்கும் ஆசை பிறந்தது அந்நாளில்தான். உறுப்புகளாகப் பெட்டியில் வந்ததை வாங்கியவர்களே பூட்டி முடித்தார்கள். பூட்டத் தெரிந்தவனுக்குக் கழற்றவும் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உறுதி என்பது யாது?

கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "இது உடையாதா?" என்பதே. கேள்வியே சரியில்லை. கல்லிலும் மேட்டிலும் குதித்தோடுகிற வண்டி ஏதாயினும் ஒருநாள் உடையத்தான் செய்யும். "உடைந்தால் எது உடையும்? அது என்ன விலை? எத்தனை நாளில் கிடைக்கும்? வீட்டிலேயே மாற்ற முடியுமா?" என்ற நான்கு கேள்விகளே கேட்கத் தகுந்தவை.

வீட்டு மின்சாரத்தில் ப்யூஸ் கம்பி இருக்கிறதல்லவா? அது உருகிப் போவதனால்தான் மற்ற சாமான்கள் தப்புகின்றன. நல்ல வண்டியும் அவ்விதமே அமைந்திருக்கும். மோட்டாரோடு இணைந்த பெரிய பற்சக்கரத்தைப் பல வண்டிகளில் வேண்டுமென்றே பிளாஸ்டிக்கினால் செய்திருப்பார்கள். சக்கரத்தில் கல் சிக்கிக் கொண்டால் விலை குறைந்த அந்தப் பற்சக்கரம் பல் போகும். மோட்டாரும் மற்ற கியர்களும் பிழைக்கும். சக்கரம் எதிலாவது மோதும்போது அதிர்ச்சி சர்வோவைத் தாக்காதபடி தடுக்க ஒரு சிறு ஸ்பிரிங் இருக்கும். கியருக்கும் மோட்டாருக்கும் இடையே, பளு மிஞ்சினால் வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச் ஒன்றும் பல வண்டிகளில் உண்டு. வாங்குமுன் இம்மூன்றும் இருக்கின்றனவா என்று கடைக்காரரைக் கேட்டால், அவருக்கு விஷயம் தெரியுமா என்பதும் தெரிந்துபோகும்.

"எல்லாம் உலோகம், அதனால் உறுதி" என்ற பேச்சில் மயங்க வேண்டாம். சக்கரங்களைத் தாங்கும் கைகள் நல்ல நைலானால் ஆனவையாயிருந்தால் அடிபடும்போது வளைந்து மீண்டும் நிமிரும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். வளையாத அளவுக்குக் கெட்டியாயிருந்தாலோ, அடியை அது தான் வாங்காமல் விலையுயர்ந்த அடுத்த உறுப்புக்கு அனுப்பிவிடும். புயலில் தென்னை முறிய மூங்கில் தப்பும் ரகசியம் இதுவே. ஆனால் கியர் பெட்டிக்குள்ளும் சர்வோவுக்குள்ளும் உலோகப் பற்களே நல்லவை. அங்கே வளைந்து கொடுக்கும் வேலை கிடையாது.

எந்த நிலத்துக்கு எந்த வண்டி?

இவ்வண்டிகளின் அளவை 1:10, 1:8, 1:18 என்று குறிப்பார்கள். உண்மை வண்டியில் பத்தில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு என்று பொருள். 1:18 வீட்டு முற்றத்துக்கும் சிமெண்டுத் தரைக்கும் போதும். சரளையும் கட்டாந்தரையும் புல்லும் கலந்த நம் ஊர் மைதானத்தில் அதன் சிறு சக்கரம் குழிக்குக் குழி நின்றுவிடும். 1:8 லாரிகள் நான்கைந்து கிலோ எடையுடையவை. அவற்றின் பாட்டரியும் விலை அதிகம், உறுப்பும் விலை அதிகம், மோதினால் சேதமும் அதிகம். முதல் வண்டிக்கு 1:10 அளவே பொருத்தம். அதிலும் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரங்களும், தரைக்கு மேல் தாராளமான இடைவெளியும் உள்ள 'மான்ஸ்டர் டிரக்' என்னும் வகையைத் தேடுக.

விசாலமான மைதானம் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. 'கிராலர்' என்னும் வகை லாரி ஆமைபோல் நடக்கும். பாறையிலும் வேரிலும் மெல்ல ஏறி இறங்கும். வேகம் குறைவாகையால் மோதி உடைவதும் குறைவு. வீட்டுக் கொல்லையில் பத்துச் செங்கல்லும் இரண்டு மரக்கட்டையும் இருந்தால் போதும். பொறுமைசாலியான பிள்ளைக்கு இதைவிட உகந்த வண்டி வேறில்லை.

இரண்டு சக்கரம் இழுப்பதா, நான்கு சக்கரம் இழுப்பதா என்பது அடுத்த கேள்வி. நான்கும் இழுத்தால் மணலிலும் சேற்றிலும் பிடிப்பு அதிகம் என்பது மெய். ஆனால் முன்னும் பின்னும் தண்டுகள், கியர்கள், பேரிங்குகள் என்று உறுப்புகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கெடுவதற்குரியவையும் அவ்வளவுக்கு மிகும். அமெரிக்க டிராக்ஸாஸ் கம்பெனியாரின் 'ஸ்டாம்பீட்' போன்ற இரு சக்கர இழுப்பு லாரிகள் நீண்ட காலமாக விற்பனையில் நிலைத்திருப்பதன் காரணம் எளிமையே. பல ஆண்டுகளாக ஒரே அமைப்பில் வரும் வண்டிக்கு உறுப்பு கிடைப்பது எளிது. அதைப் பழுதுபார்த்தவர்களின் அனுபவமும் ஏராளம். ஆர்மா 'கிரானைட்' போன்றவையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. இவ்வருஷம் வந்து அடுத்த வருஷம் மறைந்துபோகும் பெயர் தெரியாத வண்டி, எவ்வளவு அழகாயிருந்தாலும், முதல் உடைசலோடு பரணுக்குப் போய்விடும்.

வேகத்தின் கணக்கு

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேகம். மணிக்கு 60 கிலோமீட்டர், 90 கிலோமீட்டர் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். இங்கே உபாத்தியாயருக்குரிய உரிமையுடன் ஒரு சிறு கணக்குச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

மோதலின் பலம் வேகத்தோடு நேராக வளர்வதில்லை. அதன் வர்க்கத்தோடு வளர்கிறது. வேகம் மூன்று மடங்கானால் பலம் ஒன்பது மடங்காகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி சுவரில் மோதுவது, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து அதைக் கீழே போடுவதற்குச் சமம். 40 கிலோமீட்டரில் மோதினால் ஆறு மீட்டர் உயரம். 60 கிலோமீட்டரில் மோதினால் பதினான்கு மீட்டர். அதாவது நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து எறிவது போல. எந்த நைலான்தான் இதைத் தாங்கும்? எதிரே நிற்பது சுவராயிராமல் ஒரு குழந்தையின் காலாயிருந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளலாம்.

மோட்டார்களில் 'பிரஷ்' உள்ளது, 'பிரஷ்லெஸ்' என்று இரு வகை. முன்னதில் கரித்துண்டு உரசி மின்சாரம் ஊட்டுவதால் நாளடைவில் தேயும். ஆனால் மலிவு, வேகமும் அளவோடிருக்கும். பின்னதில் உரசுவது ஏதுமில்லை. ஆயுளும் வேகமும் அதிகம், விலையும் அதிகம். கற்றுக்கொள்பவருக்கு முன்னதே போதும். டிராக்ஸாஸ் வண்டிகள் சிலவற்றில், பழகும் காலத்துக்கென்று வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. முதல் மாதம் அதை விடாமல் பயன்படுத்துவது வண்டிக்கும் நல்லது, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

வண்டியைத் தரையில் வைத்து மேலிருந்து அழுத்தி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து அமைதியாக நின்றால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கிறது. ரப்பர் பந்துபோல் இரண்டு மூன்று முறை துள்ளினால் அது வெறும் ஸ்பிரிங். மேட்டிலிருந்து குதித்து இறங்கும் வண்டிக்கு எண்ணெயிட்டதே தேவை.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். அச்சுக்கு இருபுறமும் பால் பேரிங் இருக்கிறதா, அல்லது வெறும் பிளாஸ்டிக் வளையமா என்று கேளுங்கள். பெயர்பெற்ற கம்பெனிகளின் ஆரம்ப வண்டிகள் சிலவற்றில்கூட வளையம்தான் இருக்கும். நம் ஊர்ப் புழுதி அதற்குள் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்த்துவிடும். தொடக்கத்திலேயே பேரிங் போட்டுவிடுவது சிக்கனம்.

டயரை அமுக்கிப் பாருங்கள். லாரி டயரில் காற்று அடைத்திருப்பதுபோல் இதில் இருப்பதில்லை; உள்ளே நுரை ரப்பர் வைத்திருப்பார்கள். விளிம்போடு டயர் நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். நீரில் ஓட்டினால் நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது.

பிறகு சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைத்து, மெதுவாகச் சுழலவிட்டு, கையிலுள்ள ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். அலை அறுந்தவுடன் வண்டி தானே நின்றுவிட வேண்டும். நிற்காத வண்டி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வீட்டிலும் எப்போதும் ரிமோட்டை முதலில் போட்டுக் கடைசியில் அணைப்பதே முறை.

கடைசியாக ஒரு காகிதத்தில் ஐந்து உறுப்புகளின் பெயரை எழுதிக் கொடுங்கள்: முன்பக்கத்துக் கை, பெரிய பற்சக்கரம், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு, சர்வோ, ஷாக் அப்சார்பர். ஐந்துக்கும் விலை சொல்லி, இந்தியாவுக்குள்ளேயே தருவிக்க முடியும் என்கிற கடையிலேயே வாங்குங்கள். "அதெல்லாம் கெடவே கெடாது, ஐயா" என்று பதில் வந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

பணமும் பாட்டரியும்

இந்த லாரிகள் பெரும்பாலும் பிற நாடுகளிலிருந்து வருபவை. விளையாட்டுச் சாமான்களின் மேலுள்ள அடிப்படைச் சுங்க வரியை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். அமெரிக்காவில் 200 டாலருக்கு மேல் விற்கும் வண்டி இங்கே வந்து சேரும்போது இருபதினாயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. ஆகவே நாம் சொல்லும் யோசனை இது: ஒதுக்கிய பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நாலில் ஒரு பங்கை உறுப்புகளுக்கும், நல்ல சார்ஜருக்கும், அளவான ஆலன் கீகளுக்கும் நிறுத்தி வையுங்கள். அந்தப் பங்கு இல்லையென்றால் விலை குறைந்த வண்டியாகத் தேடுங்கள். அல்லது ஆறு மாதம் பொறுங்கள். பொறுத்த பிள்ளைக்குப் பொருளின் அருமை தெரியும்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கான விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. நாம் பேசும் லாரிகளில் பல, 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்றே குறிக்கப்பட்டவை. அதனால் சிறுவர் கையில் தனியே கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. இதற்கு முக்கிய காரணம் பாட்டரி.

பாட்டரியிலும் இரு வகை. நிக்கல் பாட்டரி சற்றுக் கனம், சக்தியும் குறைவு; ஆனால் சாது. லிதியம் பாலிமர் பாட்டரி இலேசு, சக்தி மிகுதி, ஆனால் கோபக்காரன். அதன் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. உப்பிய பாட்டரியையும் குத்துப்பட்ட பாட்டரியையும் மீண்டும் சார்ஜ் செய்தால் தீப்பற்றும். ஆதலால் அதற்கென்றுள்ள சார்ஜரில், கல் தரையில், பெரியவர் ஒருவர் அருகிலிருக்கும்போதே சார்ஜ் செய்க. 5000 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மேல் ஏற்ற வேண்டாம். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவதும், சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைப்பதும் ஒருபோதும் ஆகா. முதல் வருஷத்துக்கு நிக்கலே போதும் என்பது நம் துணிபு.

ஓட்டுவதும் பேணுவதும்

சிப்காட் சாலைகள் கண்டெய்னர் லாரிகளுக்குரியவை. அங்கே குட்டி லாரிக்கு இடமில்லை. ஓட்டுபவரின் கண் வண்டியின்மேல் இருக்குமேயன்றி வருகிற லாரியின்மேல் இராது. மாடு மேயும் இடமும் கோழி பொறுக்கும் முற்றமும் ஆகா. விடுமுறை நாளில் காலியான பள்ளி மைதானமே சிறந்தது, தலைமையாசிரியரின் அனுமதியோடு.

ஓட்டி வந்ததும் கால் மணி நேரம் வண்டிக்குக் கொடுக்க வேண்டும். உலர்ந்த தூரிகையால் புழுதியைத் தட்டி, சக்கரங்களை ஆட்டிப் பார்த்து, தளர்ந்த திருகாணிகளை முறுக்க வேண்டும். 'நீர் புகாதது' என்று எழுதியிருந்தால் அது மின்சார உறுப்புகளைப் பற்றியதே. பேரிங்கும் திருகாணியும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஈரத்தில் ஓட்டினால் துடைத்து, உலர்த்தி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுக. பழவேற்காட்டுக் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோகும் ஆசையை மாத்திரம் அடக்கிக் கொள்வது நல்லது. உப்பும் மணலும் சேர்ந்தால் யந்திரத்துக்கு யமன்.

இந்தக் கால் மணி நேரத்துக்காகவே இவ்வளவு செலவும் என்று நாம் சொல்லத் துணிவோம். பின்னச்சிலுள்ள கியரைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு, வளைவில் திரும்பும்போது லாரியின் இரு பின்சக்கரங்களும் ஏன் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன என்பது ஒரு நாளில் விளங்கிவிடும். கரும்பலகையில் நாம் ஒரு வாரம் எழுதினாலும் அவ்வளவு தெளிவாக விளங்குமா என்பது சந்தேகமே. இதில் பையனென்றும் பெண்ணென்றும் பேதம் பாராட்ட வேண்டியதில்லை. ஆலன் கீயைப் பிடிக்கும் கை யாருடையதென்று திருகாணி கேட்பதில்லை.

உடைந்ததைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியது கேட்கும் பழக்கம் வீட்டுக்கும் நஷ்டம், நாட்டுக்கும் நஷ்டம். வெளிநாட்டு லாரியை இன்று வாங்கிப் பழுதுபார்க்கத் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளுள் ஒருவர், நாளைக்கு அதைவிட உறுதியான லாரியைக் கும்மிடிப்பூண்டிப் பட்டறை ஒன்றிலேயே செய்யக் கூடும். ஆகவே பெற்றோர்களே, லாரியைப் பிள்ளையின் கையில் கொடுக்கும்போது ஆலன் கீயையும் கூடவே கொடுங்கள். முதல் உடைசல் வந்ததும் கோபித்துக் கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுங்கள்.